முட்டி வலி என்று சொன்னாய், அத்தை

கல்யாண வயது வந்த பிறகும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட என் அத்தைக்கு,

அன்றைக்கு டாக்டரைப் பார்க்கப் போன அரக்கோணம் ரயிலில் அம்மாவிடம் உன் பெயரை நான் எடுக்கவில்லை. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கித் திரும்பியிருப்பாள்.

நடந்தது இதுதான். இந்த ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் மலையேறக் கிளம்பினோம். காவடிக்குப் பூவெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கு முட்டி வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்றாள் அம்மா. நைனா, உன் அண்ணன், சரி என்று தலையாட்டிவிட்டார்.

நீயும் இதையே சொல்லி இரண்டு வருஷம் அடிவாரத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவலிருந்தாய். பவர்லூம் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வலிக்காதா என்று நாங்களும் நம்பினோம். புற்றுநோய் கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது என்று சென்னையில் சொன்ன பிறகுதான், நீ எங்களை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

“முட்டி நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. தீட்டுத் துணியோட சாமிகிட்ட எப்டிப் போறது?”

மாதவிடாய் நின்று பல வருஷம் ஆன உனக்கு, பழுப்பாகவும் சில நாள் லேசான சிவப்பாகவும் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று நீயே முடிவு செய்து, வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாய். நாங்கள் இறங்கி வரும்வரை அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டு நீ என்ன நினைத்திருப்பாய்?

காலேஜில் படிக்கும்போது எனக்கு வெள்ளைப்படுகிறது என்று உன்னிடம்தான் வந்தேன். அதற்கும் சூடு என்றாய், அதே வெந்தயத்தைக் கொடுத்தாய். எனக்கு ஒரு நோயும் இல்லை, அத்தை. கெட்ட நாற்றமில்லாமல் தெளிவாகவோ வெள்ளையாகவோ படுவது நம் உடம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வழி. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இருக்கும், பிறகு கெட்டியாகும். மருந்து வேண்டியதில்லை. அங்கே சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதுதான் கெடுதல். நான் அதையும் செய்துகொண்டிருந்தேன்.

ஒன்றுமில்லாத எனக்கும் வெந்தயம், உனக்கும் வெந்தயம்.

கிருத்திகை முடிந்து வீடு திரும்பியபோது அம்மா பின்கட்டில் பாவாடையைத் தனியாக அலசிக்கொண்டிருந்தாள். முட்டிதானா, வேறு ஏதாவதா என்று கேட்டேன். வெகுநேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“ஆங், ரெண்டு மூணு தபா பட்டுச்சு. சூடுதான்.”

அவளுக்கும் நின்று நாளாகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றேன். இந்த வயதில் இதைச் சொல்லிகினு நிற்பதா, மானம் போய்விடும் என்றாள். பெண் டாக்டர்தான் என்று சமாதானம் செய்தேன்.

“பொம்பளயா இருந்தா கண்ண மூடிகினா பாப்பாங்க?” என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் புடவை மாற்றச் சொல்லிக் கிளப்பிவிட்டேன்.

அம்மா சொன்ன சூட்டுக் கதையை டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாதவிடாய் நின்ன பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும்மா. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது.”

என்னைப் போன்ற வயதுக்காரர்கள் எப்போது வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். வழக்கத்துக்கு மாறாக அதிகமாகப் பட்டால், தயிர்த் திப்பி போலக் கட்டிகட்டியாக வந்து அரித்தால், மீன்வாடை அடித்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால், அடிவயிற்றில் வலியோ காய்ச்சலோ சேர்ந்தால், நடுநடுவே அல்லது கணவனோடு சேர்ந்த பின் ரத்தம் பட்டால் வர வேண்டுமாம். பாதிக்கு மேல் சின்ன மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார். கேட்கக் கூசியது. கேட்ட பிறகு கூச்சம் போய்விட்டது.

ஸ்கேன் எடுத்து, உள்ளேயிருந்து துளி சதையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அம்மா பீரோவைத் திறந்து எந்தப் புடவை யாருக்கு என்று சொல்லத் தொடங்கினாள். நான் பீரோவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றேன்.

கர்ப்பப்பை வாயில் சின்னச் சதை வளர்ச்சி, அத்தை. எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. மறுபடி பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

உன்னிடம் யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா? தெரியவில்லை. ஆனால் நம் வீட்டில் இனி பிறக்கப்போகிற பெண்வரைக்கும் நான் கேட்பேன். அவர்கள் கோபப்பட்டாலும் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போன வாரம் தறிக் கொட்டகையில் அம்மாவோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, அரிப்பும் நாற்றமுமாக இருக்கிறது என்று அவளிடம் முணுமுணுத்திருக்கிறாள். மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அவளை அழைத்துக்கொண்டு அரக்கோணம் போய்வந்தாள்.

உன் அண்ணன் மகள்,
மீனா