விளக்கு அணைந்த பிறகும் போன எழுத்துகள்

ஜூன் 3, செவ்வாய்

ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், மோடம் என்று இந்த லேபில் மின்சாரம் குடிக்கிற எல்லாம் என் பொறுப்பு. வாளி எப்படி என் தலையில் விழுந்ததோ.

மத்தியானம், ரத்தம் சோதித்து ரிப்போர்ட் அடிக்கும் லேப் அக்கா மேனேஜர் அறையிலிருந்து முகம் வெளுத்து வந்தார். போன வியாழன் ஆஸ்பத்திரிக்குப் போன் லைனில் மோடம் வழியாக ஐந்து பேருடைய ரிப்போர்ட்டை ஒரே கட்டாக அனுப்பியிருந்தார். அதில் ஒருவருக்குப் பொட்டாசியம் 7.1, உயிருக்கே ஆபத்தான அளவு. அங்கே அச்சாகி வந்த தாளில் 4.2, சாதாரண அளவு. டாக்டர் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அந்த மனிதருக்கு இதயம் நின்று, மறுபடி துடிக்க வைத்திருக்கிறார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை.

அக்காவின் கைக்குறிப்பில் 7.1 தெளிவாகவே இருக்கிறது. “எழுதினது சரி, டைப் அடிச்சது தப்பு” என்கிறார் மேனேஜர். கம்ப்யூட்டரில் பழைய கட்டின் மேலேயே புதுக் கட்டு பதிவாகிவிடும். எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை.

“நான் அடிச்சது ஏழு புள்ளி ஒண்ணுதாம்மா. என் கை எனக்குத் தெரியாதா?”

ஜூன் 5, வியாழன்

அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மோடத்தில் குறையில்லை என்று நான் எழுதித் தர வேண்டுமாம். நாலு வரி அனுப்பிப் பார்த்தேன், பிசகாமல் போனது. எழுதித் தந்திருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அச்சான அந்தத் தாள் —

அதில் அல்புமின் வரியே இல்லை. அக்காவின் குறிப்பில் அல்புமின் 4.2. பொட்டாசியம் என்ற பெயருக்கும் இந்த 4.2க்கும் நடுவில் இருந்தது மட்டும் மாயம், அல்புமினின் எண் பொட்டாசியத்தோடு ஒட்டிக்கொண்டது. கை தவறினால் இவ்வளவு கச்சிதமாகவா தவறும்?

போன் லைன் இரைச்சலா? இந்த மோடம்கள் சிதைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்படியானால் எழுத்துகள் லைனுக்குப் போகும் முன்பே தொலைந்திருக்க வேண்டும். அன்றைக்கு நல்ல மழை. மழை என்றால் இந்த லைன் கரகரக்கும்.

“அடுத்த மழை வரைக்கும் டைம் குடுங்க சார்” என்றேன் மேனேஜரிடம்.

“நீ எஞ்சினியரா, வானிலை ஆபீசா?”

ஜூன் 9, திங்கள்

வெயில். வீட்டில் துணியெல்லாம் காய்ந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 12, வியாழன்

மழை! அதே நீளத்துக்கு ஒரு கட்டு தயார் செய்து அனுப்பினேன். மோடத்தின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லைன் கரகரத்தால் மோடம் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதற்குள் கம்ப்யூட்டர் தள்ளுவதெல்லாம் மோடத்தின் சின்ன நினைவகத்தில் சேரும். அது நிரம்பப் போகும்போது ‘பொறு’ என்று சொல்லத் தனிக் கம்பி உண்டு, சி.டி.எஸ். அதில் மின்னழுத்தம் இறங்கினால் கம்ப்யூட்டர் நிறுத்த வேண்டும், ஏறினால் தொடரலாம்.

சி.டி.எஸ். விளக்கு அணைந்தது. பக்கத்தில், கம்ப்யூட்டரிலிருந்து எழுத்து வருவதைக் காட்டும் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. நிக்கவே இல்ல! இடமில்லாத பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரி கிளார்க்கைப் போனில் படிக்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் வரிகள் இல்லை.

கேபிளின் மூடியைக் கழற்றினேன். சி.டி.எஸ். கம்பி மோடம் வரை போகவே இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே, ‘நான் தயார்’ என்று அது சொல்லும் ஆர்.டி.எஸ். முனையோடு சின்னக் கம்பியால் பற்றவைத்திருந்தது. தன் குரலையே கேட்டுவிட்டு மோடம் சரி சொன்னதாக நினைத்துக்கொள்கிறது.

ஜூன் 13, வெள்ளி

கேபிள் போட்டவருக்குப் போன் செய்தேன். எதற்கெடுத்தாலும் ஆல்ரைட் என்பதால் எங்களுக்கு அவர் ‘ஆல்ரைட்’.

“அந்தக் கேபிள்ல மூணு கம்பிதான் மேடம். அனுமதி வரலன்னு கம்ப்யூட்டர் அசையாம நின்னுச்சு. சேத்து வச்சேன், ஓடுச்சு. ஓடுச்சா இல்லையா?”

“ஓடுச்சு. நிக்கத்தான் தெரியல.”

“யாருக்காவது ஏதாவது ஆச்சா மேடம்?” சொன்னேன். இந்த முறை ஆல்ரைட் வரவில்லை.

எல்லாக் கம்பிகளும் உள்ள கேபிளை நானே செய்தேன். அந்தச் சைகையை மதிக்கும்படி புரோகிராமிலும் மாற்றினேன். மழை விடவில்லை, நல்லதாகப் போயிற்று. விளக்கு அணைந்தது, கம்ப்யூட்டர் நின்றது. எரிந்தது, ஓடியது. ஒரு வரிகூடத் தொலையவில்லை.

ஜூன் 16, திங்கள்

பழைய கேபிள், புதுக் கேபிள் இரண்டையும் மாட்டிக் காட்டினேன். மழை இல்லை, லைன் கரகரக்க வழியில்லாததால், நினைவகம் நிரம்பட்டும் என்று மோடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். பழையதில் வரிகள் தொலைந்தன, புதியதில் ஒன்றும் தொலையவில்லை. மேனேஜர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரொம்ப மெதுவாப் போகுதே” என்றார். பிறகு அவரே அக்காவுக்குப் போன் செய்தார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “நாளைக்கே வந்துடுங்க” மட்டும் மூன்று தடவை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “அவர் கண்ணு முழிச்சாராம்மா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

இப்போதெல்லாம் கட்டு போய்ச் சேர்ந்ததும் அக்கா வார்டுக்குப் போன் செய்து எண்களை வாய்விட்டுப் படிக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். இன்று ஒரு பெயரில் குரல் தயங்கியது. “பொட்டாசியம், நாலு புள்ளி ஆறு.” அந்தப் பக்கம் நர்ஸ் ஏதோ சொன்னாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவரே நடந்து வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போனாராம்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழாயை எடுத்தார்.