நாயில்லாத நாட்டின் தூதுவருக்கு

மச்சான்,

இன்று காலை தங்கச்சி மார்க்கம் நகரத்திலிருந்து காரோட்டி வந்து, ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தலை என் சமையலறை மேசையில் வைத்தாள். உள்ளே மாசி. காய்ந்து விறகாகிப்போன சூரை மீனை நீயே இடித்துச் சேமித்து வைத்தது. "அவர் இல்லாமல் எங்கட வீட்டில இதை ஆர் சாப்பிடுறது, அண்ணை? நீங்கள் வச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் மூடியைத் திறக்கவில்லை. திறக்காமலே மணம் வெளியே வந்தது, மாடிப்படி ஏறியது, என் தலையணைக்குள் புகுந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்கப் பலகை நட்டுவிட்டார். எதிரே நின்ற மேப்பிள் மரம் ஆனி மாதத்திலேயே இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. இதில் எவ்வளவு உண்மை என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். நீ இல்லை. ஆகவே எல்லாம் உண்மை.

அதுவும் இன்று வெள்ளிக்கிழமை. செத்த பிறகும் நீ நாள் பார்த்துத்தான் வருகிறாய்.

ஒன்ராறியோவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் நாம் ஒரே அறையில் கிடந்த காலத்திலேயே இந்த யுத்தம் தொடங்கிவிட்டது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வந்தவன். நீ மாலைதீவில் சில வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வந்தவன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள், இடையில் ஒரு கடல் புகுந்ததால் இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளாகச் சந்தித்தோம். உன் பெட்டிக்குள் ஒரு குளிருடுப்பு இல்லை. மாசி இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை விடிய, நான் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து பார்க்கிறேன், நீ அடுப்படியில் மாசியோடு தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறாய்.

"வெள்ளிக்கிழமை மச்சம் தின்னுறியோடா?" என்றேன்.

"அங்க வெள்ளிதான் லீவு நாள், மச்சான். லீவு நாளில விடிய ரொட்டியும் இதுவும். பழகிப்போச்சு."

எங்கள் பரம்பரையில் வெள்ளிக்கிழமைகளில் கிணற்றுத் தவளைகூடப் பூச்சி பிடிப்பதில்லை என்று நான் உனக்கு விளக்கினேன். அறையில் மூத்தவரான சின்னராசா அண்ணைக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. பிறகு உன் பக்கம் திரும்பி, "மாஸ்டர், உது உண்மையோ?" என்று கேட்டார்.

நீ ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, "அரைவாசி" என்றாய்.

அந்த ஒரு சொல்லால் நீ என்னை வாழ்நாள் முழுக்க வெட்டினாய். நான் எதைக் கட்டி எழுப்பினாலும் சனம் முதலில் சிரிக்கும், பிறகு உன் முகத்தைப் பார்க்கும். நீ ஒரு சுங்க அதிகாரிபோலப் பெட்டியைத் திறந்து பார்த்து, அரைவாசியைப் பறிமுதல் செய்வாய். உன்னிடம் என்ன சரக்கு இருந்தது? ஆறில்லாத, மலையில்லாத நாடு ஒன்று. தேநீர் ஆறுவதற்குள் சுற்றி நடந்துவிடக்கூடிய தீவு ஒன்று. வீட்டுக்குள் கட்டில் அளவில் தொங்கும் ஊஞ்சல். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடம். இவற்றைச் சொல்லும்போது குரலைக்கூட உயர்த்தமாட்டாய். அந்தத் திமிரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் நம் கணக்கு வாத்தியாரின் பிரம்பைப் பற்றி நான் அறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பிரம்பை ஓங்கினால் நுனி ஆனையிறவைத் தொடும், அந்தக் காற்றில் உப்பளத்தில் உப்பு விளையும், ரியூசன் கொட்டிலில் ஒருவன் வாங்கிய அடிக்குப் பக்கத்து ஊரில் மூன்று பேர் சோதினையில் சித்தியடைவார்கள் என்றேன். அறையே உருண்டு கிடந்தது. நீ வாயைத் திறந்தாய்.

"நான் இருந்த தீவில ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அதுக்குமேல படிக்க வேணுமெண்டால் பிள்ளையள் தோணியேறித் தலைநகர் மாலேக்குப் போகோணும். சொந்தக்காரர் வீட்டில தண்ணி அள்ளி, வீடு கூட்டி, மிச்ச நேரத்தில படிக்குங்கள். வருசத்தில ஒருக்காத்தான் தாயைப் பாக்கலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் தாயைப் பார்த்துப் பல வருடமானவர்கள். சின்னராசா அண்ணை எழும்பிப் போய்க் குசினி விளக்கை நிறுத்தினார். என் பிரம்பு பாதி வானத்தில் நின்றபடியே செத்தது. இப்படி ஒரு கொலையைச் செய்துவிட்டு நீ போர்த்துக்கொண்டு படுத்தாய்.

என்னிடம் இருந்த ஒரே பதிலடி நாய்தான்.

விடியற்காலை ரியூசனுக்குச் சைக்கிளில் போகையில் ஒழுங்கைக்கு ஒரு நாயாகச் சேர்ந்து, கடைசியில் ஒரு படையணியே என்னைத் துரத்திய கதை என் காவியங்களில் தலையாயது. அதற்கும் நீ, "மாலைதீவில நாய் இல்லை" என்றாய்.

"குறைவோ?"

"இல்லை எண்டால் இல்லை. வளர்க்க விடமாட்டினம். முதல் கிழமை எனக்கு நித்திரையே வரேல்லை. குரைப்புக் கேக்காத இரவு எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே."

அன்றைக்குத்தான் உன் கழுத்து என் கைக்குள் வந்தது. "நாயில்லாத நாடோ? அப்ப கள்ளன் வந்தால் ஆர் குரைக்கிறது, மாஸ்டரோ?" என்றேன். அறை வெடித்தது. அதற்குப் பிறகு கலியாணவீடு, பிறந்தநாள், சாமத்தியவீடு எங்கே நீ நுழைந்தாலும் நான் எழும்பி நின்று, "நாயில்லாத நாட்டின் தூதுவர் வருகிறார், வழி விடுங்கோ" என்று கட்டியம் கூறினேன். நீ கோபப்படவும் இல்லை. பல வருடம் கழித்து யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் என்னைத் தனியே கூப்பிட்டு, "மச்சான், ஒரு திருத்தம். பொலிசுக்கு எண்டு கொஞ்ச நாய் இப்ப கொண்டுவந்திருக்கினமாம்" என்றாய். இப்படிப்பட்ட எதிரியோடு மனிதன் எப்படிச் சண்டை பிடிப்பது?

உன்னை நான் முதல் நாளே நம்பினேன். நம்பாததுபோல் நின்றது என் தொழில். நீ பழிக்குப் பழியாக என் தங்கச்சியைக் கலியாணம் செய்தாய்.

இனிக் கடைசித் துரோகத்துக்கு வருகிறேன். இந்த நகரத்தில் செத்தவீடுகளில் ஒலிவாங்கி பிடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. என் இரங்கலுரையைக் கேட்டு, பெட்டிக்குள் இருந்தவர்களே தங்களைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது காருக்குள் நீ சொல்லுவாய்: "அங்க எண்டால் அண்டைக்கே அடக்கம் செய்துபோட்டு வீட்ட போயிடுவினம். ஒருத்தரும் மைக் பிடிக்கிறேல்லை."

உனக்கென்று நான் பல வருடமாக ஒரு உரை வளர்த்து வந்தேன். உன்னால் குறுக்கிட முடியாத ஒரே மேடை அது. கடைசிச் சொல் எனக்கு. சட்டைப் பைக்குள் அதை வைத்துக்கொண்டு வந்தால், உன் செத்தவீட்டு மண்டப வாசலில் உன் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, அப்பா நோ ஸ்பீச்சஸ் எண்டு சொன்னவர். ஒன் டேயில முடிக்கச் சொன்னவர். ப்ளீஸ், மாமா."

நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். உதட்டோரத்தில் அந்த "அரைவாசி" இருந்தது. சத்தியமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் இருக்கும்போது தங்கச்சி என்னிடம் வந்தாள். அவள் கண் வற்றிப்போயிருந்தது. "செத்தவீட்டில பேச்சு வேண்டாம் எண்டுதான் சொன்னவர். இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ரெண்டு வசனம் சொல்லுங்கோ, அண்ணை. அவருக்காக ஒண்டாவது புளுகில்லாமல் சொல்லுங்கோ."

எழும்பினேன். மண்டபம் முழுக்கச் சிரிப்புக்குத் தயாராக வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. பைக்குள் உரை இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"மாலைதீவில் நாய் இல்லை" என்றேன்.

மண்டபம் இடிந்தது. ஒருவர் மேசையில் அடித்தார். ஒருவருக்கு மோர் மூக்கால் வந்தது.

"பகிடிக்குச் சொல்லேல்லை. உண்மை. அவன் சொன்னது எல்லாம் உண்மை" என்றேன்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "அண்ணைக்கு வயசு போனாலும் புளுகு போகேல்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆளுக்கொரு ஃபோன் கையில் இருந்தது. ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. நான் சொன்ன எதையும் இதுவரை ஒருவரும் சரிபார்த்ததில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை.

சின்னராசா அண்ணை மட்டும் சிரிக்காமல், பழக்கதோஷத்தில் தன் பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினார். அதில் யாருடையதோ கைப்பை இருந்தது. "மாஸ்டர் இருந்தால் கேட்டிருக்கலாம்" என்றார்.

தங்கச்சி குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தாயா நீ செய்த வேலையை? வாழ்நாளில் ஒரு தடவை மேடையில் ஏறி உண்மை பேசினேன். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய ஒரே மனிதன் பேச்சே வேண்டாம் என்று எழும்பிப் போய்விட்டான். உன் வாயில் உண்மையாக இருந்தது என் வாய்க்கு வந்ததும் பொய்யாகிப் போனது. உன் நாயில்லாத நாட்டை நான் பகிடி பண்ணியதற்கெல்லாம் இப்படி ஒரேயடியாகக் கணக்குத் தீர்ப்பாய் என்று நினைக்கவில்லை.

போத்தல் இன்றைக்குத் திறக்கப்படாது. உன் தீவில் என்ன நாளாக இருந்தாலும், என் வீட்டில் இது வெள்ளிக்கிழமை. நாளைக்குத் தங்கச்சியைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிப்புளி, எல்லாம் உன் முறைப்படிதான் பிசைவேன். உலகத்தில் இப்படி ஒரு சம்பலை மாலைதீவின் மன்னர்களும் சாப்பிட்டதில்லை, இதன் மணத்துக்குக் கடலில் மிச்சமுள்ள சூரையெல்லாம் ஒன்ராறியோ ஏரிக்கு நீந்தி வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லுவேன். அவள் சிரிப்பாள். பிறகு உன் கதிரைப் பக்கம் பார்ப்பாள்.

அப்போது "அரைவாசி" என்று நானே சொல்ல வேண்டும். உன் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய், பாவி.