நீ சேர்த்த ஃபிளாக்

அந்த ஃபிளாக்கைச் சேர்த்தது நீதான் என்று அன்று நான் சொல்லவில்லை. இன்று காலை பேருந்து ஆம்பூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியே தோல் வாடை வந்தது. சொல்லாமல் விட்ட வாக்கியமும் கூடவே வந்தது.

தோல் அளக்கும் மெஷினுக்கு நாம் இருவரும் மென்பொருள் எழுதினோம். பெல்ட்டில் நகரும் தோல் எத்தனை விளக்குகளை மறைக்கிறது என்று எண்ணி அதன் அளவைச் சொல்ல வேண்டும். காலிப் பெல்ட்டிலேயே விளக்கு மறைந்திருந்தால் தூசி அடைத்திருக்கிறது என்று பொருள்; மெஷின் அதையும் தோல் என்று எண்ணிவிடும். உடனே மெஷினை நிறுத்த ஒரு சோதனை எழுதியிருந்தேன். பிழை தேடும் டீபக் பில்டில் அது எப்போதும் ஓடும். வேகத்துக்காகக் கட்டும் ரிலீஸ் பில்டில், நிரலை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலருக்கு ஃபிளாக் என்கிற ஒரு சிறு கட்டளையைக் கொடுத்தால் இப்படிப்பட்ட சோதனைகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

"அத மட்டும் தொடாதடி" என்றேன்.

"சரி தாயே, தொடல" என்று சிரித்தாய்.

பெல்ட் மெதுவாகப் போகிறது என்று தொழிற்சாலை முதலாளி பாய் சலித்துக்கொண்டார். நான் விடுப்பில் இருந்த அன்று நீ ரிலீஸ் பில்டில் அந்த ஃபிளாக்கைச் சேர்த்து அனுப்பிவிட்டாய். நம் மேசையில் டீபக் பில்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றாய். ஆம்பூரில் ஓடியது ரிலீஸ் பில்ட்.

பிறகு ஒரு காலை பாய் ஆபீஸ் படியேறி வருவதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தாய். "வேகம் வரலடி, அதான் போட்டுட்டேன். சார்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

பாய் உட்காரவே இல்லை. "இன்னாம்மா இது, ஆட்டுத்தோலு மாட்டுத்தோல் சைஸ் காட்டுது? கொஞ்சம் வுட்டா யானையே வந்துரும் போல. வாங்கனவன் மொத்த லோடையும் திருப்பி அனுப்ட்டான்."

"பில்ட் யார் பாக்கறது?" என்று மேலாளர் கேட்டார்.

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஃபிளாக் எல்லாம் அவதான் சார் பாப்பா."

வழக்கமாக ஃபிளாக்குகளைப் பார்ப்பது நான்தான்; அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் ஆறவில்லை. நீயே சொல்வாய் என்று நான் வாய் திறக்காமல் காத்திருந்தேன். மதியம் உன் டப்பாவிலிருந்து எனக்கு முட்டை எடுத்து வைத்தாய். இப்போது சொல்வாய் என்று நினைத்தேன். "சாப்டுடி, ஆறிடும்" என்றாய்.

இப்போதெல்லாம் அனுப்பப்போகிற பில்டையே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். "நான் சொல்லிக்கறேன்" என்று யாராவது சொன்னால், எழுந்து அவர்களோடு உள்ளே போகிறேன். இரண்டும் உன்னிடமிருந்து வந்த பழக்கங்கள்.

பாய் வந்த அந்த வாரமே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் இடத்தை உனக்குக் கொடுத்தார்கள். நீ ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாய்.