வெளியில் தொங்கிய பூட்டு

ஏப்ரல் 24

சிங்கப்பூரிலிருந்து குந்தவை வந்துவிட்டாள், கொழுந்தன் மனைவி. படுத்த படுக்கையாகிவிட்ட அத்தை, விளங்குகிற ஒரே கையால் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறார். மூன்று வருடமாகப் பீ மூத்திரம் அள்ளுகிறவள் நான். என் பக்கம் அந்தக் கை வந்ததில்லை. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் எரிகிறது.

ஏப்ரல் 27

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு இடமும் சம்பள ஆளும் வேண்டும் என்று கிராமசபையில் கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். தலைவர் வீரையன், "பாப்போம்மா" என்பார். அவ்வளவுதான்.

இதைக் குந்தவையிடம் ஏன் சொன்னேனோ! "இந்தத் தடவை நான் பேசட்டுமாக்கா?" என்கிறாள். அத்தை வேறு, "அவ பேசுனா எடுபடும்" என்கிறார். அப்படியானால் நான் இத்தனை நாள் என்ன செய்தேனாம்?

மே 1

இன்று கிராமசபை. குந்தவை மைக்கைப் பிடித்துச் சொன்னாள்:

"எங்கக்கா நடவுக்குப் போறப்ப அத்தையை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுப் போறாங்க. சாயங்காலம் வந்துதான் திறப்பாங்க. வேற என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க?"

பாவி! ஊர் முன்னாலா சொல்வது! இந்தத் தெருவில் யார் பூட்டவில்லை? எல்லோரும் செய்வதுதான், யாரும் சொல்வதில்லை. நானும் இதுவரை "சிரமமா இருக்குங்க" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பிறகு மேலத்தெரு ஷோபனா எழுந்தாள். "நானும் எங்கப்பாவைப் பூட்டிட்டுத்தாங்க போறேன்." அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் வீரையனே, "எங்கம்மா உசுரு போனப்ப எங்க வீடும் பூட்டித்தான் கெடந்துச்சு" என்றார். தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எல்லோரும் குந்தவையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் தனியாக நடந்து வந்தேன்.

மே 2

அவளோடு பேசவில்லை.

மே 9

போய்விட்டாள். "கோவமாக்கா?" என்றாள். இல்லை என்றேன். பொய்.

அவமானம்கூட ஆறிவிடும். அந்த வார்த்தைகளை நான் ஏன் சொல்லவில்லை? என்னுடையவை அல்லவா அவை?

செப்டம்பர் 29

பழைய சத்துணவுக் கூடத்தில் கட்டில்கள் வந்துவிட்டன, நடவு முடியும்வரை மட்டும். பார்த்துக்கொள்ள வந்திருப்பவள் மதிவதனி. அவள் ஊட்டிய கஞ்சியை அத்தை மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறார். நான் கொடுத்தால் பாதியில் துப்புவார். "இவ கைப்பக்குவமே தனி" என்று பாராட்டு வேறு. இவளைக் கொண்டுவரவா நான் நாயாய் அலைந்தேன்?

அக்டோபர் 2

இன்று கிராமசபையில் மைக்கை நானே கேட்டு வாங்கினேன். "எங்க அத்தையைப் பூட்டிட்டுப் போனவ நான்தாங்க" என்று ஆரம்பித்தேன். நடவோடு மூடக் கூடாது, வருஷம் முழுக்க வேண்டும் என்றேன். வீரையன் இந்த முறை "பாப்போம்" என்று சொல்லவில்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னார்.

சாயங்காலம் குந்தவைக்கு நானே போன் செய்தேன், கொஞ்சம் பெருமையடிக்கத்தான். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பூட்டைப் பத்தி என்னைப் பேசச் சொன்னதே அத்தைதான்க்கா."

அத்தையிடம் போய் நின்றேன். "பூட்டுறது கஷ்டமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை?"

"உன்கிட்ட சொன்னா நீ வேலைக்கே போயிருக்க மாட்டியேடி. சோத்துக்கு என்ன பண்ணியிருப்போம்?"

நாளை கீழவயலில் நடவு. அதற்கு முன்னால் அத்தையைக் கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.