சுண்டுவிரல் மை

மார்ச் 4
சொட்டு மருந்துக்காரம்மா மறுபடியும் வந்தார். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை. குழாய் உடைந்து மூன்று வாரமாகக் கூப்பிட்டும் கார்ப்பரேஷன் ஆள் வரவில்லை. இவர்கள் கூப்பிடாமலே மூன்று மாடி ஏறி வந்து இலவசமாக ஊற்றுகிறார்களாம். எதற்கு? நான் படித்தது எட்டாவது. சந்தேகப்படுவதில் மட்டும் பெரிய பட்டம். “பாப்பா தூங்குது” என்றேன். என் காலுக்குப் பின்னாலிருந்து, “நான் தூங்கலையே!”

மாலை வீட்டுக்காரி வேலையிலிருந்து வருவதற்குள் பார்சல் ஆபீஸ் மார்க்கரால் பாப்பாவின் சுண்டுவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டேன். மருந்து ஊற்றிய அடையாளம் அதுதானே. “ஊத்தியாச்சா?” “ஆச்சு.” அந்த விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

மார்ச் 6
பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவர் சொன்னார்: “அந்தச் சொட்டு மருந்துல என்னமோ கலக்குறாங்களாம்யா.”
“யார் சொன்னா?”
கொஞ்சம் யோசித்தார். “போன வாரம் நீதானே சொன்னே?”

மார்ச் 9
சொட்டு மருந்துக்காரம்மா பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். “அண்ணே, நாங்க இடது கையிலதான் மை வைப்போம்.”
நான் போட்டது வலது கையில். திருட்டுத்தனத்துக்கும் ஒரு படிப்பு வேண்டும்.
அவர் திட்டவில்லை. “உங்க தெரு சாக்கடைத் தண்ணியில போலியோ கிருமி இருக்குண்ணே. எந்தப் பிள்ளைகிட்டேயிருந்து வந்ததுன்னு தெரியல. அது ஒழியிற வரைக்கும் வருவோம். மாடி ஏற எனக்கு மட்டும் ஆசையா?”
ஊற்றட்டுமா என்று கேட்டார். இடது விரலில் புது மை வந்தால் வீட்டுக்காரியிடம் என்ன சொல்வது? அப்புறம் பார்க்கலாம் என்றேன். கோழை.

மார்ச் 10
பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆரம்பம் இப்படித்தான் இருக்குமோ? காலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. “அப்பா, இந்த விளையாட்டு நல்லாவே இல்ல.”
வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அந்த விரலுக்கா நான் முத்தம் கொடுத்தேன்?” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 11
சாதாரண சளிதான் என்றார் டாக்டர். அங்கேயே சொட்டு மருந்தும் ஊற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 8
அடுத்த தவணை. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்களைப் பத்தரை வரை காணோம். எங்கள் வீட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டார்களோ? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கித் தெருமுனை வரை போய்ப் பிடித்து வந்தேன். மருந்துப் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொன்னேன்.
“ரெண்டாவது சொட்டு உள்ள போகலம்மா. இன்னொண்ணு விடுங்க.”
“போயிடுச்சுண்ணே.”
“நான் பார்த்தேன், போகல.”
சொட்டு மருந்துக்காரம்மா வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார். “எப்பவும் இவர் இப்படித்தானா?”
“இப்போ எவ்வளவோ பரவாயில்ல” என்றாள் அவள்.