தன் நோயின் எண்ணைப் படித்தவனுக்கு

இன்று காலை மருந்து கலக்கும் அறையில் டிஜிட்டாலிஸ் இலையைக் கொதிநீரில் ஊறப்போட்டார்கள். ஈர வைக்கோல் போன்ற அந்த வாசனை தாழ்வாரம் தாண்டி நம் மேஜைக்கு வந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். பூந்தமல்லிச் சாலையில் பட்டாள லாரிகள் போகும் சத்தம் குறைந்தது, வாசனை குறையவில்லை. இருதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. நீ குடித்த மருந்து. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் வேலை என்னவென்று வெளியில் யாருக்கும் புரியவைக்க நம்மால் முடிந்ததில்லை. டாக்டர் நோயின் பெயரைச் சீட்டில் எழுதுவார். வெள்ளைக்காரன் அச்சடித்த பட்டியலைப் பார்த்து நாம் இருவரும் அதற்குரிய எண்ணைப் போடுவோம். அந்த எண்ணைத் தகரத் தட்டில் எழுதிக் கட்டிலருகே சுவரில் மாட்டுவோம். பெயரை எழுதக் கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரியின் விதி. படித்தால் நோயாளி பயந்துவிடுவானாம். எண்ணைப் பார்த்து எவனும் பயந்ததில்லை.

பட்டியல் நமக்கு மனப்பாடம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் யாராவது இருமினால் போதும், "முன்னால உக்காந்துகினு கீறாரே அந்த மாமா, அவருக்கு இன்னா நம்பர் சொல்லு?" என்று என் காதைக் கடிப்பாய். நான் கடுகடுப்பேன். அதைப் பார்த்து இன்னும் சிரிப்பாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ சிரிக்க மாட்டாய். சீட்டில் 'ஹார்ட் ஃபெய்லியர்' என்று மட்டும் எழுதி வந்தால் எண் போட விடமாட்டாய். "இது நோவு இல்லடா, நோவு செஞ்ச வேல. எதனாலன்னு கேளு" என்பாய். சரிதான். இருதயத்துக்குள் இருக்கும் வால்வு சுருங்கியும் அது தளரலாம். தீட்டிய அரிசியையே தின்று பெரிபெரி வந்தும் தளரலாம். இரண்டிலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். பெரிபெரி என்றால் ஊசி போட்டுச் சாப்பாட்டை மாற்றினால் ஆள் எழுந்து நடப்பான். வால்வு என்றால் அவனைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

பிறகு உன் கால் வீங்கியது. அயனம்பாக்கம் ஏரிக்கரைமேல் நின்று நின்று வந்தாய்.

"இன்னாடா, ஏர் ஓட்டுன மாடாட்டம் மூச்சு வுட்ற?"

"கரை நீண்டுகினே போவுது மச்சான். நான் இன்னா பண்றது?"

செருப்பு வார் உன் பாதத்தில் அழுத்திய பள்ளத்தை இருவருமே பார்த்தோம். இருவருமே பேச்சை மாற்றினோம்.

சில நாளில் உன்னால் படுக்கவே முடியாமல் போயிற்று. நம் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தார்கள். அப்போதும் உன் வாய் ஓயவில்லை. "ரேஷன் அரிசி பண்ண வேல மச்சான். பெரிபெரிதான், பாரேன். தவுடு தின்னா சரியாப்பூடும். ஊட்ல மாட்டுக்கும் எனக்கும்தான் சண்ட வரும்." உன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் காலை மட்டும் பார்க்கவில்லை.

மதியம் உன் சீட்டு என் மேஜைக்கு வந்தது. 'ஹார்ட் ஃபெய்லியர்.' காரணம் எழுதவில்லை.

கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் எண் வரும். அங்கே படுத்திருந்தவர்களில் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். காரணம் தெரியாதவற்றுக்கென்று பொதுவான எண் ஒன்று பட்டியலில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் நீயும் தப்பித்தாய், நானும் தப்பித்தேன். ஆனால் நிஜமாகவே பெரிபெரியாக இருந்து, ஊசி போடாமலே உன்னை விட்டுவிட்டால்? அதற்கு மேல் உட்கார முடியவில்லை. டாக்டரிடம் போனேன்.

"உனக்கு எப்பவும் அவசரம்" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"ஆமாம் சார். காரணம் இல்லாமல் எண் போட முடியாது."

அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். உன்னை இடப்பக்கம் சாய்த்து, நெஞ்சில் ஓரிடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு, "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். அந்தக் காய்ச்சல்தான் பிற்காலத்தில் வால்வைச் சுருக்கும் என்று உனக்குத் தெரியும். இல்லையென்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வந்துச்சு சார். நைனாதான் தூக்கிகினு திரிஞ்சாரு."

டாக்டர் சீட்டை வாங்கி, விட்ட இடத்தில் காரணத்தை எழுதினார். வால்வு. அந்த எண்ணை இங்கே எழுத என்னால் ஆகாது. அன்றைக்குத் தட்டில் எழுதினேன். உன் மனைவி கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, எண் சுவர்ப்பக்கம் இருக்கும்படி மாட்டினேன்.

"திருப்புடா."

"அப்புறமா…"

"டேய். திருப்பு."

திருப்பினேன். உன் உதடு ஒருமுறை அசைந்தது.

"சரியாத்தான் போட்டுகீறே" என்றாய்.

"மேஜைல வேல கெடக்குதுடா. போய்ட்டு வரேன்."

"பயமா கீதா?"

"ஆமா."

"எனக்கும்தான். உக்காரு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உன் கழுத்து நரம்பு துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வேறு பக்கம் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கஞ்சியோடு வந்தாள். "இன்னா அது, நம்பர் போட்டுட்டாங்களா?" என்றாள். விதிப்படி நான் சொல்லக் கூடாது. நீ சொன்னாய். எண்ணை அல்ல, பெயரை. தவிட்டுக் கதை வெறும் கதை என்பதையும் சொன்னாய். அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு உன் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அவள் வார்டை விட்டு நகரவில்லை. கஞ்சி வாங்கக்கூட நான்தான் போனேன். மழை தொடங்குமுன் நீ கண்ணை மூடிய காலையிலும் உன் கால் அவள் கையில்தான் இருந்தது.

இப்போது எல்லாத் தட்டுகளையும் நானே மாட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் பயப்படுகிறேன். எண் தெரியாதவர்கள் என் முகத்தைப் படிக்கிறார்கள். நேற்று ஆவடிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவன், தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா சார், நல்ல நம்பர்தானே?" என்று கேட்டான்.

டாக்டரிடமே கேள் என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் இங்கே வழக்கம். நான் முக்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.