விளக்கு எரிந்தால்தான் சம்பளம்

அனுப்புநர்
கிளாரிஸ் திமாயுகா,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வின்னிபெக், மானிடோபா.
(பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் பள்ளி நூலகர் திருமதி ஹோல்ம் அவர்கள் வழியாக அனுப்பவும். முகவரி உறையின் மேல் உள்ளது.)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாகாணத் தொழிலாளர் நல அலுவலகம்,
வின்னிபெக்.

பொருள்: குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்த பிறகு, லிவானாக் குடும்ப உணவகத்தில் பணிநேரத்தைக் குறைத்தும், பணியாளர்களைச் சம்பளமின்றி வெளியே காக்க வைத்தும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கூலியின்றி வேலை வாங்கியும் வருவது – வரும் வெள்ளிக்கிழமைக்குள் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி உணவகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பரிமாறும் வேலை செய்துவரும் திருமதி ரோசெல் திமாயுகாவின் மகள் நான். என் தந்தை பிராண்டனில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாதம் இருமுறைதான் வீட்டுக்கு வருவார். எனக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். இம்மனுவைக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் தாய் உறங்குகிறார். அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் இதைக் கிழித்துப் போடுவார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மடியில் வைத்து எழுதுகிறேன். பயம் பாதி, கோபம் பாதி.

2. சென்ற அக்டோபர் மாதம் அரசு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியது. எங்கள் பிலிப்பீன்ஸ் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு நல்லது நடந்ததோ அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். உயர்ந்த சம்பளம் கைக்கு வரும் முன்பே என் தாய் பெரிய பாத்திரத்தில் பன்சித் நூடுல்ஸ் கிளறி, அடுக்குமாடியில் இருப்பவர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் அழைத்தார். உணவகத்தின் உரிமையாளர் திரு எர்னானி லிவானாக் அவர்களும் வந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டார். "மாரே, உன் கைமணமே தனி" என்று புகழ்ந்து, இரண்டு டப்பா நிறைய வீட்டுக்கும் எடுத்துச் சென்றார். அடுத்த வாரப் பணிப்பட்டியலை அப்போதே அவர் எழுதி முடித்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. திரு லிவானாக் என் தம்பியின் ஞானத்தந்தை. ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவர். அந்த உறவுமுறையில்தான் என் தாயை 'மாரே' என்று அழைக்கிறார். என் தாய் அவரை 'பாரே' என்று அழைக்க வேண்டும். என் தாய் இந்நாட்டுக்கு வரக் காரணமாக இருந்த வேலைக் கடிதமும் அவர் கொடுத்ததே. இதைத் தாங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் யாரும் தங்கள் அலுவலகப் படியேறவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். அங்கு வேலை செய்யும் ஏறக்குறைய எல்லோருக்கும் அவர் ஏதோ ஒரு வகையில் உறவாகிவிட்டார். முதலாளி மேல் புகார் கொடுக்கலாம். பிள்ளையின் ஞானத்தந்தை மேல் எப்படிக் கொடுப்பது? "நாளைக்குக் கோயில்ல அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன், சொல்லு" என்று என் தாய் என்னைக் கேட்டார்.

4. ஊதியம் உயர்ந்ததும் நடந்தவை வருமாறு. என் தாயின் பணிநேரம் ஏறக்குறைய பாதியாயிற்று. மதியம் இலவசமாகக் கொடுத்துவந்த சோறும் குழம்பும் நின்றன. இப்போது காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். இவற்றைவிடக் கொடியது பின்வாசல் விளக்கு. உணவகத்தின் பின்கதவுக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. கூட்டம் குறைந்தால் பரிமாறுபவர்கள் வேலைநேர அட்டையில் 'பஞ்ச்' அடித்துவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகக் கூடாது. வாகன நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டும். கூட்டம் கூடினால் திரு லிவானாக் உள்ளேயிருந்து அந்த விளக்கைப் போடுவார். விளக்கு எரிந்தால் ஓடிச்சென்று மறுபடி 'பஞ்ச்' அடித்துப் பரிமாற வேண்டும். எரியாத நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

5. வின்னிபெக்கின் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் பழைய வேனில்தான் எல்லோரும் உட்காருவார்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் வீட்டில் யாரும் இல்லாததால் நானும் தம்பியும் அதே வேனில் பின்னிருக்கையில் இருப்போம். நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஹீட்டர் ஓடப் பெட்ரோல் எங்களுடையது. கண்ணாடியில் படியும் உறைபனியைக் கையால் துடைத்துத் துடைத்து எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் தாயின் தோழியான பெர்லா அத்தை ஒருநாள், "தேவமாதா சுரூபத்தைக்கூட நான் இப்படிக் கண்ணிமைக்காமப் பாத்ததில்லடி ரோசெல். பாத்திருந்தா இந்நேரம் ஒரு வரமாவது குடுத்திருப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் ஆத்திரம் வருகிறது. சிரித்துச் சிரித்தே இதை நாங்கள் பழக்கமாக்கிக்கொண்டோம்.

6. பெர்லா அத்தை ஒருமுறை துணிந்து கேட்டார். அதற்கு உரிமையாளர் சொன்ன பதிலை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன். "கார்ல ஹீட்டரைப் போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசறதுக்கெல்லாம் நான் சம்பளம் குடுக்கணுமா? கூலியை ஏத்தினது நானா? கவர்மென்ட்டு. போ, கவர்மென்ட்டுகிட்டயே போய்ப் பரிமாறு." அரிசி, எண்ணெய், கட்டட வாடகை எல்லாம் ஏறிவிட்டது என்கிறார். ஏறியிருக்கலாம். எங்கள் வீட்டு வாடகையும்தான் ஏறியிருக்கிறது. அதற்காக என் தாய் எந்த வாடிக்கையாளரையும் பனியில் நிற்க வைக்கவில்லை.

7. ஐயா, அரசு ஒரு மணி நேர வேலைக்கு விலையை உயர்த்தியது. அவர் அந்த மணி நேரத்தையே கத்தரித்துவிட்டார். காகிதத்தில் பார்த்தால் அவர் சட்டப்படி நடப்பவர். என் தாய் சம்பள உயர்வு பெற்றவர். தங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களும் அப்படித்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள். எங்கள் வேனுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

8. சென்ற வாரம் பள்ளியிலிருந்து தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என் பெயரைச் சொல்லவில்லை. பேசிய அம்மையார் அன்பாகவே பேசினார். ஆனால் பாதிக்கப்பட்ட தொழிலாளிதான் புகார் தர வேண்டும், அவருடைய மகள் தர முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நானும் அங்கே தொழிலாளிதான். ஆகவே, இதுவரை எழுதியதை ஒரு மகள் சொன்ன செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். இனி எழுதுவது என்னுடைய புகார்.

9. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திரு லிவானாக் வேனின் கதவைத் தட்டினார். "கிளாரிஸ் சும்மாதானே குந்தியிருக்கா? குளிர்ல எதுக்கு? உள்ள வாம்மா, சூடா இருக்கும். ரெண்டு லும்பியா சுத்திக் குடு. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். என் தாய் மகிழ்ந்தார். எனக்குக் குளிராது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் சனியும் நான் உள்ளே. தம்பியும் என்னோடு வந்து சமையலறை மூலையில் உறங்குவான். லும்பியாவுக்கு மாவுத்தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டுவது, பிறகு தட்டு கழுவுவது, பிறகு மேசை துடைப்பது. கூலி இல்லை. 'பஞ்ச்' அட்டையும் இல்லை. ஒரு தட்டு சோறு உண்டு.

10. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கூட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் வேகமாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மேசைகளையும் துடைத்துவிட்டு வந்திருந்தேன். பாராட்டு வாங்க ஆசைப்பட்டேன் என்பதும் உண்மைதான். அப்போது சமையல்காரர் நெஸ்டர் அண்ணன் அடுப்பைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, இவ்ளோ வேகமாச் சுத்தாத. நீ சுத்தற வேகத்துல உங்கம்மாவுக்கு விளக்கு எரியாது. கையில அடிபட்ட மாதிரி சுத்து." எனக்கு முதலில் புரியவில்லை. பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேனின் முன்கண்ணாடியில் பனியைத் துடைத்த ஒரு சிறு வட்டம் தெரிந்தது. அதற்குப் பின்னால் என் தாயின் முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே சூடான அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

11. அதன் பிறகு நான் கையைக் கட்டிப்போட்டதுபோலச் சுருட்டினேன். ஒரு தட்டைக் கழுவியதையே மறுபடி கழுவினேன். மேசைகள் எச்சிலோடு கிடந்தன. வாடிக்கையாளர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. என் தாய் ஓடி வந்தார். திரு லிவானாக் என் அருகில் வந்து நின்று, "என்னம்மா, கை மரத்துப் போச்சா? போன வாரம் மிஷின் மாதிரி சுத்தினியே" என்றார். நெஸ்டர் அண்ணன், "வயசுப் பொண்ணு, நினைப்பு எங்கயோ" என்று சிரித்துச் சமாளித்தார். உரிமையாளர் சிரிக்கவில்லை.

12. சென்ற ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றிருந்தபோது அவர் என் தாயிடம் சொன்னார்: "மாரே, ஈஸ்டர்லருந்து கிளாரிஸ் வெள்ளி, சனி ரெண்டு நாளும் முழுசா வந்துரட்டும். நல்லாக் கத்துக்கிட்டா. நீ பாவம், வீட்ல ரெஸ்ட் எடு. உன்னோட நேரத்தை அப்புறமாப் பாத்துக்கலாம்." வெள்ளியும் சனியும்தான் என் தாய்க்கு மீதமிருக்கும் நாட்கள். அத்தனை பேர் முன்னால், கோயில் வாசலில், ஞான உறவுக்காரர் கேட்கிறார். "சரி, பாரே" என்றார் என் தாய். வீட்டுக்கு வரும் வழியில் அவர் அழவில்லை. "ரொம்ப நல்லாச் சுத்துறியாமே நீ" என்று என் தலையைத் தடவினார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

13. ஈஸ்டர் வாரப் பணிப்பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை மாலை சமையலறைச் சுவரில் ஒட்டப்படும். அதில் என் தாயின் பெயர் இருக்காது. என் பெயரும் இருக்காது. கூலி வாங்காதவர்களின் பெயரை அவர் எழுதுவதில்லை. எனவே தாங்கள் பின்வருமாறு செய்யும்படி வேண்டுகிறேன்.

அ) வெள்ளிக்கிழமை மாலை, பட்டியல் ஒட்டுவதற்கு முன், ஓர் அலுவலரை அனுப்ப வேண்டும். முன்வாசல் வழியாக வந்தால் உங்களுக்கு இனிப்பு கொடுத்து உட்கார வைப்பார்கள். பின்பக்கம் வாருங்கள். வேனின் சன்னலைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள், ஆனால் பயந்தவர்கள். உரிமையாளர் இல்லாதபோது கேளுங்கள்.

ஆ) காத்திருக்க வைத்த நேரமும் வேலை நேரமே என்று அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இ) வேலை கேட்டு மனு எழுதுபவர்கள் உண்டு. நான் என்னை வேலையிலிருந்து நீக்கும்படி கேட்டு எழுதுகிறேன். என் வயதுப் பெண்ணை இப்படி வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தராது என்றால் அந்தச் சட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாருங்கள். நான் நிற்கும் அந்த இடத்தில், சம்பளத்துடன், என் தாயை நிற்க வையுங்கள்.

14. விசாரணையில் புகார் கொடுத்தவர் யார் என்று அவர் கேட்பார். என் பெயரைச் சொல்லலாம். நாங்கள் நன்றி கெட்டவர்கள் என்று அவர் கோயில் முழுவதும் சொல்வார் என்பது தெரியும். என் தாய் என்னோடு பல நாள் பேசாமல் இருக்கலாம் என்பதும் தெரியும். அதற்குப் பயந்து பெயரில்லாமல் இம்மனுவை இருமுறை எழுதிக் கிழித்தேன். பெயரில்லாத மனுவைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று திருமதி ஹோல்ம் சொன்னார். ஆகவே முழுப்பெயருடன் கையொப்பமிடுகிறேன். என் தாயின் கையெழுத்தை மட்டும் கேட்காதீர்கள். அவர் போட மாட்டார். சம்பளத்தைக் கொடுங்கள், அதை வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கியிருக்கும்,
கிளாரிஸ் திமாயுகா
(கையொப்பம்)
தொழிலாளி, லிவானாக் குடும்ப உணவகம்

இடம்: வின்னிபெக்
நாள்: 12.03.2024